வலது கதவு ஸ்பீக்கர்

ஆடிச் சாரல் தென்காசி ரத வீதியை நனைத்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், ஆவுடைநாயகத்தின் ரேடியோ ரிப்பேர் கடை முன்னால் கறுப்பு அம்பாசடர் ஒன்று வந்து நின்றது. அதைப் பார்த்ததும் அவனுக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

போன ஐப்பசியில் அந்தக் காருக்குள்தான் அவன் தம்பி நல்லதம்பி செத்தான். மரக்கடை முதலாளி சங்கரநாராயணனுக்கு டிரைவர். குற்றாலம் ரோட்டில் மழைக்குச் சறுக்கிக் குளத்தில் இறங்கிய காரிலிருந்து முதலாளி மட்டும் கரையேறினார். 'குடித்துவிட்டு ஓட்டினான்' என்று சொல்லிக் கைகழுவினார். போலீஸ் காகிதத்திலும் அப்படியே ஏறியது. வெற்றிலைகூடப் போடாத பையன் அவன். செத்தவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான் என்ற தைரியம். தம்பி பெண்டாட்டி செண்பகவல்லி, குடிகாரன் பெண்டாட்டி என்ற பேரைச் சுமந்துகொண்டு தலை குனிந்து போவதைப் பார்க்கும்போதெல்லாம் ஆவுடைநாயகத்துக்கு வயிறு எரியும். அந்தப் பேரைத் துடைக்காமல் கண்ணை மூட மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

புது டிரைவர் இசக்கி இறங்கி, முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"கோவிச்சுக்கிடாதீய அண்ணாச்சி. வலது கதவு ஸ்பீக்கர் கரகரங்குது. திருநெல்வேலில மூணு தடவ மாத்தியாச்சு. முதலாளிக்குத் தெரியாமத்தான் இங்கன கொண்டாந்தேன்."

போடா என்று சொல்லத்தான் ஆவுடைநாயகம் வாயெடுத்தான். ஆனால் பழுது என்று ஒன்று எதிரே வந்துவிட்டால் அவன் கை சும்மா இருக்காது. ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

பின் சீட்டுக்கும் பாட்டு கேட்க வேண்டுமென்று முதலாளி கதவை வட்டமாக வெட்டிப் பொருத்தச் சொன்ன ஸ்பீக்கர் அது. டிரைவர் பக்கத்துக் கதவின் உள்ளட்டையைக் கழற்றியதும் சேற்று வாடை குப்பென்று அடித்தது. ஒன்பது மாதத்துக்கு முன்னால் கழுவிக் காயவைத்த கதவு.

பேட்டரியை ஸ்பீக்கரில் தொட்டுப் பார்த்தான். டப் என்றது. நல்ல ஸ்பீக்கர்தான். வயர் எங்கேயும் உரசவில்லை. கடையிலிருந்த வேறு ரேடியோவை மாட்டிப் பார்த்தான். கரகரப்பு அப்படியே இருந்தது. எரிச்சலில் ரேடியோவை அணைத்தான்.

கரகரப்பு நிற்கவில்லை.

இரண்டு வயரையும் வெட்டினான்.

நிற்கவில்லை.

காதைக் கிட்டே கொண்டுபோனான். அது கரகரப்பே இல்லை. தகரத்தை நகத்தால் பிறாண்டுகிற சத்தம். அதற்குப் பின்னால் தண்ணீர் கொப்புளித்தது. அப்புறம், மூச்சு முட்டிய ஒரு குரல்.

"முதலாளி, கதவு அசைய மாட்டேங்கு. கையக் குடுங்க."

இசக்கி சுவரோடு ஒட்டிக்கொண்டான். ஆவுடைநாயகத்துக்குப் பயம் வரவில்லை. தம்பி குரலுக்கு அண்ணன் பயப்படுவானா? ஆத்திரம்தான் வந்தது. கண்ணை மறைக்கிற ஆத்திரம்.

"வண்டிய எடுலே. குத்தாலம் போவோம்."

முதலாளியின் குற்றாலம் பங்களாவில் சீசனுக்கு வந்த விருந்தாளிகள் அருவியில் குளித்துவிட்டு வந்து வராந்தாவில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆவுடைநாயகத்தைக் கண்டதும் சங்கரநாராயணன் படியிறங்கி வந்தார்.

"ஒன்ன யாருலே வண்டியத் தொடச் சொன்னது?"

"கோளாறு என்னன்னு கண்டுபிடிச்சிட்டேன் முதலாளி. உள்ள உக்காந்து கேளுங்க."

விருந்தாளிகள் பார்க்கிறார்களே என்ற வீம்பில் டிரைவர் சீட்டில் ஏறி, கதவை அறைந்து சாத்தினார். சாரலுக்காகக் கண்ணாடிகள் ஏற்றப்பட்டிருந்தன. கழற்றிய ஸ்பீக்கர் வெளியே ஆவுடைநாயகத்தின் கையில் இருந்தது. வெட்டுப்பட்ட வயர் இரண்டும் வெறுமனே தொங்கின.

முதலாளி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்தார்.

பிறகு அவர் கைப்பிடியைத் தேடினார். கதவு திறக்கவில்லை. அடுத்த பக்கமும் திறக்கவில்லை. தண்ணீர் ஏறுவதைப் பார்க்கிறவர் மாதிரி காலை இழுத்துச் சீட்டின்மேல் வைத்துக்கொண்டார். கண்ணாடிக்குள் அவர் வாய் அசைந்தது. குரல் ஸ்பீக்கரில் வந்தது.

"சட்டைய விடுலே நல்லதம்பி. அன்னைக்கு ஒன்னய உதச்சுத் தள்ளலன்னா நானும் செத்திருப்பேன். நீ குடிக்கல. குடிக்கலன்னு ஊருக்கே சொல்லுதேன். விடுலே."

வராந்தாவில் ஒரு டம்ளர் உருண்டது. எல்லோரும் கேட்டுவிட்டார்கள். ஒன்பது மாதமாக ஆவுடைநாயகம் காத்திருந்த வார்த்தை வந்துவிட்டது.

"போதும்லே தம்பி," என்று முணுமுணுத்தான். "தொறந்து விடு."

வெளிக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். உள்ளேயிருந்து யாரோ கதவை இழுத்துப் பிடித்திருந்தார்கள்.

முதலாளியின் கைகள் இரண்டும் கண்ணாடியில் பதிந்திருந்தன.

ஸ்பீக்கர் மெல்லப் பேசியது.

"நான் விட்டுட்டேன். இனி ஒன் இஷ்டம்ணே."

உள்பிடி தளர்ந்தது. கைப்பிடி இப்போது லேசாக அசைந்தது. ஒரு இழுப்பு இழுத்தால் போதும், திறந்துவிடும். கண்ணாடிக்குப் பின்னால் அந்த வாய் காற்றுக்குத் திறந்து திறந்து மூடியது. விருந்தாளிகள் கத்திக்கொண்டு படியிறங்கி ஓடிவந்தார்கள்.

ஆவுடைநாயகம் இழுக்கவில்லை.

கைப்பிடியைப் பிடித்திருந்த அவன் கையின்மேல் இன்னொரு கை வந்து படிந்தது. அது சில்லென்று நனைந்திருந்தது; அதில் சேற்று வாடை வீசியது.