ஆறு நாள் புகை

காலை ஆறு பத்துக்குத் திண்டுக்கல்லில் அந்தத் தெருமுனைத் தானியங்கிப் பெட்டி சவரிமுத்துவின் பெயரை ஊருக்கே கேட்கும்படி கூவும். "வணக்கம், சவரிமுத்து அவர்களே. இன்றும் சுருட்டு இரண்டா?" கூவித்தான் விற்க வேண்டும் என்பது சட்டம். அவர் கட்டைவிரலை வைப்பார், வரி கழியும், பெட்டி இரண்டு சுருட்டைத் துப்பும். எதிர்வீட்டு ஜன்னல்கள் படார் படாரென்று சாத்திக்கொள்ளும். இருபத்தாறு வருடமாக இதே கூத்து.

வேடிக்கை என்னவென்றால், மனிதர் பிறந்ததிலிருந்து ஒரு சுருட்டுகூடப் பிடித்ததில்லை.

பிடித்ததெல்லாம் அவருடைய மாமியார் அந்தோணியம்மாள். சவரிமுத்து வீட்டோடு மாப்பிள்ளை. கல்யாணமான எட்டாம் நாள் மொட்டைமாடிக்குப் போனவர், சூரியத் தகடுகளுக்குப் பின்னால் மாமியாரைச் சுருட்டும் வாயுமாகப் பார்த்துத் தொலைத்தார். அந்த நேரம் பார்த்துப் புதுப்பெண் பிலோமினா படியேறி வந்தாள். மாமியாரோ பங்குக்கோயில் புகை ஒழிப்பு மாதர் சபையின் தலைவி; அவள் மேடையேறினால் பீடிக்காரர்கள் ஊரைக் காலி செய்வார்கள். மாப்பிள்ளை என்ன செய்வார், பாவம்? சுருட்டைப் பிடுங்கித் தன் வாயில் வைத்துக்கொண்டார். பிறகு இதை யாரிடமும் சொல்லக் கூடாது, சுருட்டையும் இனி அவரே வாங்கித் தர வேண்டும் என்று மாமியார் அந்தோணியார் மேல் சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

அன்று பிலோமினா ஹாலுக்குத் தள்ளிய அவருடைய பாய் இன்றும் ஹாலில்தான். மாமியார் ஒளித்துவைக்கும் துண்டுச் சுருட்டெல்லாம் அவர் சட்டைப் பையில் கிடப்பதால் வாடைக்கும் குறைவில்லை. அறைக்குள் எட்டிப் பார்க்க வேண்டுமென்றால் வேப்பம்பட்டைத் தண்ணீரில் மூன்று தடவை வாய் கொப்பளித்தாக வேண்டும். இரண்டு பிள்ளைகள் பிறந்ததே வேப்பமரம் செய்த புண்ணியம்.

பெட்டி எடுத்துக்கொள்ளும் பணத்துக்கு நியாய வரி என்று பெயர். புகைக்கிறவன் ஒருவன் எண்பது வயதிலும் கல்லுக்குண்டாக நடக்கிறான், இன்னொருவன் நாற்பதில் படுத்துவிடுகிறான், இருவருக்கும் ஒரே வரி என்ன நியாயம் என்று நாடே சண்டை போட்டு முடிவான ஏற்பாடு இது. வரி அவரவர் பெயரிலேயே சேரும். ஐம்பது வயது முடிந்ததும் நெஞ்சளவி என்னும் கருவியின் முன் நிற்க வேண்டும். நெஞ்சு கெட்டிருந்தால் அந்தப் பணத்தில் வைத்தியம். கெடாதிருந்தால் பணம் வாபஸ். ஆனால் வாங்கியவர் நெஞ்சில் புகை இல்லையென்றால், அது யார் நெஞ்சில் இருக்கிறதென்று வீட்டில் எல்லோரையும் அளப்பார்கள். அகப்பட்டவர் பெயரைத் தெருப்பெட்டி ஒரு மாதம் கூவும்.

சவரிமுத்துவுக்கு ஓலை வந்துவிட்டது. அளவைக்கு இன்னும் ஆறே நாள். மாமியாரும் மருமகனும் மாடியில் கூடிப் பேசி, ஆறு நாளில் எப்படியாவது அவர் நெஞ்சைக் கெடுத்துவிடுவது என்று தீர்மானித்தார்கள்.

முதல் இழுப்பில் அவருக்குக் கண் பிதுங்கியது. இரண்டாவதில் மத்தியானச் சாப்பாடு வெளியே வந்தது. மாமியார் தண்ணீர் கொடுத்துவிட்டு மறுபடி பற்றவைத்தாள்.

"உள்ள இழுங்க மாப்பிள்ளை. அடுப்பு ஊதுற மாதிரி ஊதுறீங்களே."

"வரமாட்டேங்குது அத்தை."

அவள் இருமிக்கொண்டே கெஞ்சினாள். அந்த இருமல் கொஞ்ச நாளாகவே சரியில்லை என்று அவருக்குத் தெரியும். கேட்டால் மாடித் தூசு என்பாள்.

அளவை நாளன்று மூவரும் போனார்கள். அளவைக்காரப் பெண் திரையை இரண்டு முறை துடைத்துப் பார்த்தாள்.

"பத்தொன்பதாயிரம் சுருட்டு வாங்கியிருக்கீங்க சார். நெஞ்சுல ஆறு நாள் புகைதான் இருக்கு."

கருவி பழுது என்று பிலோமினா சண்டைக்குப் போனாள். இந்த மனுசனின் வாடை தனக்குத் தெரியாதா என்று கேட்டாள். இழுத்ததை உள்ளே தங்கவிடுவதில்லை, அப்போதைக்கப்போது வெளியேற்றிவிடுவேன் என்று சவரிமுத்து உளறினார். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று அந்தப் பெண் கேட்டாள்.

அந்தோணியம்மாள் சேலையில் குத்தியிருந்த சபை வில்லையைக் கழற்றி மகள் கையில் கொடுத்தாள். யாரும் கூப்பிடாமலே கருவியின் முன் போய் நின்றாள்.

"போதும் மாப்பிள்ளை. உங்களுக்குச் சுருட்டும் வரல, பொய்யும் வரல."

திரை சிவந்தது. வலப்பக்கம் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு நிழல். இப்போதே பார்த்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்றாள் அளவைக்காரப் பெண். ஆனால் இந்த அம்மாள் பெயரில் ஒரு காசு வரி கிடையாது, அதனால் வைத்தியமும் கிடையாது. சேர்ந்திருப்பதெல்லாம் சாருக்கு வாபஸ் ஆக வேண்டிய பணம், அவராக விட்டுக்கொடுத்தால்தான் உண்டு என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் சவரிமுத்து கட்டைவிரலை வைத்துவிட்டார். இருபத்தாறு வருடப் பழக்கம்தானே.

மாமியாரை அங்கேயே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு இருவரும் திரும்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் பிலோமினா நேராகப் போய் ஹாலில் கிடந்த பாயை எடுத்தாள். ஓரமெல்லாம் பிய்ந்த பாய். அதை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள்.

"தப்பா வாங்குன வரியத் திருப்பித் தர ஆபீஸ் வெச்சிருக்காங்க. நான் உங்கள இத்தனை வருசம் ஹால்ல போட்டு வெச்சேனே, அத எந்த ஆபீஸ்ல போய்த் திருப்பி வாங்குவீங்க?"

சவரிமுத்து அவள் கண்ணைத் துடைக்க அருகே போனார். பிலோமினா சட்டென்று மூக்கைச் சுளித்தாள். ஆறு நாள் புகை சும்மா விடுமா?

பாயை அறைக்குள் விரித்துவிட்டு வந்தாள். விசும்பல் இன்னும் அடங்காமலே வேப்பம்பட்டைத் தண்ணீர்ச் செம்பை அவரிடம் நீட்டினாள்.

"இன்னைக்கு ஒரு தடவை கொப்பளிச்சா போதும்" என்றாள்.