பெட்டிக்குள் களிமண்

இந்திரகுமார் தங்கையாவுக்குத் தரவேண்டியிருந்தது இருபத்து மூவாயிரத்து அறுநூறு ரூபாய். மலை சரிந்து அவன் மண்ணுக்குள் போன பிறகும் கடன் அவனோடு போகவில்லை. அவன் பெண்சாதி புஷ்பம் அதைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டாள். சம்பள நாளில், தேயிலைக் கொழுந்துக் கறை போகாத விரல்களால் நோட்டுகளை மடித்து எடுத்துக்கொண்டு மேல் லயத்து வீட்டுக்கு ஏறி வருவாள். தங்கையா வாசல் இஸ்தோப்பிலேயே நின்று வாங்கிக்கொள்வான். உள்ளே வா என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

அவள் முதல் தவணையைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கிய அன்று சாயங்காலம்தான் தங்கையா வீட்டுக் கம்ப்யூட்டர் முதன்முதலாக நின்றுபோனது.

"அப்பா, இங்க வாங்களேன். இது என்னமோ செய்யுது."

ராகினி தங்கையாவின் ஒரே மகள். தாய் குவைத்தில் வீட்டு வேலை செய்து அனுப்பும் காசில் இரத்தினபுரியில் டிப்ளோமா படிக்கிறாள். அவள் கைகாட்டிய திரை நீலமாக நின்றது. வெள்ளை எழுத்துகள் ஓடின. தானாக அணைந்து தானாக உயிர்த்தது. உயிர்க்கும்போது பெட்டிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. பீப். பீப். பீப். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அதே மூன்று.

ராகினிக்கு அது மெஷின் சத்தம். தங்கையா எண்ணினான். மூன்று தடவை, பிறகு மூச்சு வாங்குவதுபோல ஓர் இடைவெளி, மறுபடியும் மூன்று. அந்த இடைவெளியை அவன் முன்பே கேட்டிருக்கிறான். பெட்டியின் காற்றுத் துளைகள் வழியே மெல்லிய வாசம் ஒன்று வந்தது. மழைக்கு முன்னால் வரும் மண்வாசம் இல்லை. மலையின் வயிற்றைக் கிழித்தால் வரும் வாசம், அழுகிய வேரும் மண்ணெண்ணெயும் நனைந்த கம்பளியும் கலந்தது.

மறுநாள் அவன் பெட்டியைப் படங்குச் சாக்கில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு றக்வானைக்குப் பஸ் ஏறினான். வளைவுக்கு வளைவு பஸ் சாயும்போதெல்லாம் பெட்டிக்குள்ளே ஏதோ ஒன்று அந்தப் பக்கம் நகர்ந்து சாய்ந்தது. படுத்திருப்பவன் புரண்டு படுப்பதுபோல. மெதுவாக. பாரமாக.

பஜாரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கபூர் சின்ன வயதுக்காரன், வாய் ஓயாதவன். மூடியைக் கழற்றியவன் விசிலடித்தான்.

"என்ன தங்கையாண்ணே, உள்ள தேயிலை நடப் போறீங்களா? இவ்வளவு களிமண்! வெள்ளத்துல கெடந்த சாமானா?"

"எம்பிலிப்பிட்டியல வாங்கினது தம்பி. பழசு."

"வித்தவன் உங்க தலையில நல்லா மண்ண அள்ளிப் போட்டிருக்கான்." தூரிகையால் களியைத் தட்டிவிட்டு, பச்சை நிறத்தில் விரல் நீளத்துக்கு இருந்த ஒரு தகட்டை உருவினான். அதன் பொன்னிறப் பற்களை இரேசரால் தேய்த்தான். "மூணு பீப்னா ரேம் கோளாறு. மெஷினுக்கு வாய் இல்லையே. உள்ளேருந்து தட்டித்தான் காட்டும்."

தங்கையா வெளியே போய்க் காறித் துப்பிவிட்டு வந்தான்.

தட்டித்தான் காட்டும்.

மலை சரிந்த அன்று, கீழ் லயம் இருந்த இடத்தில்தான் பெக்கோ மெஷின் தோண்டியது. ஆமிக்காரர்களும் அங்கேதான் நின்றார்கள். ஆனால் மண் இந்திரகுமாரின் வீட்டுக் காம்பராவைக் கூரைத் தகரத்தோடு கீழே தேயிலைக்குள் தள்ளிக்கொண்டு போயிருந்தது. அந்தப் பக்கம் பார்த்து வரச் சொல்லி அனுப்பப்பட்டவன் தங்கையா ஒருவன்தான். மண்வெட்டி பட்டது தகரத்தில். தகரத்துக்கு அடியில் பொலித்தீன் சுற்றியபடி இந்தப் பெட்டி. தங்கையா சீட்டு எடுத்துக் கடனாகக் கொடுத்த காசில் இந்திரகுமார் வாங்கிய பெட்டி. மூலையில் புஷ்பம் ஒட்டிய பிள்ளையார் ஸ்டிக்கர்கூட நனையவில்லை. இனி யாரிடம் போய்க் கடனைக் கேட்பது என்று நினைத்தான். பெட்டியை இழுத்தான். அப்போதுதான் கீழேயிருந்து கேட்டது, இடைவெளி விட்டு மூன்று மூன்றாக.

டொக். டொக். டொக்.

பெட்டியை முதலில் மறைத்துவிடுவோம், பிறகு கத்துவோம் என்று நினைத்தான். அப்படித்தான் நினைத்தான், சத்தியமாக. செடிகளுக்குள் அதை ஒளித்துவிட்டுத் திரும்பும்போது மழையில் ஆமி சார்ஜன் எதிரே வந்தார். குழியைக் காட்டினால், குழியிலிருந்து எதைத் தூக்கிக்கொண்டு போனாய் என்று கேட்பார்களே. நாக்கு தானாகச் சிங்களத்தில் புரண்டது.

"மெத்தன கவுருத் நே, சேர்." இங்கே யாரும் இல்லை.

சார்ஜன் திரும்பி நடந்தார். ராத்திரி மறுபடியும் மண் இறங்கியது. தங்கச்சியின் பேறுகாலத்துக்குக் குருவிட்டைக்குப் போயிருந்த புஷ்பம் வந்து சேர்ந்தபோது, வீடும் இல்லை, புருஷனும் இல்லை, புதைக்க ஓர் உடம்பும் இல்லை.

கபூர் புது ரேம் போட்டான். அடுத்த சம்பள நாளில் புஷ்பம் வந்து போனாள், கம்ப்யூட்டர் நின்றது. பவர் சப்ளையை மாற்றினான். அவள் வந்தாள், நின்றது. ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்தால் களிமண். காய்ந்ததில்லை. ஈரம்.

கடைசியில் கபூர் எல்லா உறுப்புகளையும் வெளியே எடுத்து மேசைமேல் பரப்பி, பெட்டி இல்லாமலே ஓடவிட்டான். பகல் முழுக்க ஓடியது, ஒரு முனகல் இல்லாமல். மறுபடியும் பெட்டிக்குள் பூட்டினான். பீப். பீப். பீப்.

"பிஸ்ஸு புடிச்ச மெஷின்னு நெனச்சேன். மெஷின்ல ஒண்ணுமே இல்ல அண்ணே, கோளாறு பெட்டியிலதான். எங்கயோ தகரம் போர்டுல பட்டு ஷோர்ட் ஆவுது. சாமான எல்லாம் வேற பெட்டியில போட்டு மகள்ட்ட குடுத்துடுறேன். இத எங்கயாவது வீசிடுங்க." கொஞ்சம் தயங்கினான். "என் கடையில மட்டும் வச்சிட்டுப் போகாதீங்க."

ராகினி புதுப் பெட்டியோடு இரத்தினபுரிக்குப் போய்விட்டாள். தங்கையா வெறும் பெட்டியோடு வீட்டுக்கு வந்தான். பள்ளத்தில் வீசலாம் என்றுதான் இறங்கினான். மழைத்தண்ணீர் மஞ்சளாக ஓடுவதைப் பார்த்ததும் கால் எழவில்லை. அதற்குப் பின்னும் பெட்டி காம்பராவின் மூலையிலேயே கிடந்தது, சாக்கு போர்த்தி. அந்தச் சாக்கின் பக்கம் முதுகைக் காட்டி அவன் படுத்ததில்லை.

அடுத்த சம்பள நாள். பகலிலேயே மிஸ்ட் இறங்கி லயத்தை மூடிவிட்டது. கரண்ட் இல்லை. தகரத்தில் மழை அறைந்தது. இஸ்தோப்பு முழுக்கச் சாரல். புஷ்பம் தலையில் சாக்கோடு ஓடி வந்தவள், அவன் தடுப்பதற்குள் வாசற்படியைத் தாண்டி உள்ளே நின்றாள்.

"இதோட சரி அண்ணே. எண்ணிப் பாத்துக்கங்க."

குப்பி விளக்கின் வெளிச்சத்தில் அவள் முகம் மெலிந்திருந்தது. அவன் கையை நீட்டவில்லை.

"வேணாம் புள்ள. விட்டுரு."

"அப்படிச் சொல்லாதீங்க. கடனோட போனவருக்கு எப்படி நான் கருமாதி பண்ணுவேன்? மண்ணு இல்லண்ணே அவர அமுக்கி வச்சிருக்கிறது. உங்க கடன்தான். இத வாங்கிட்டீங்கன்னா அவரு எழும்பிப் போயிருவாரு."

கீழே தேயிலைக்குள், சாய்ந்து நிற்கும் சவுக்கு மரத்துக்குப் பக்கத்தில். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொன்னால் ஆள் கூட்டித் தோண்டலாம். எலும்பாவது கிடைக்கும், அவளுக்குக் கருமாதி நடக்கும். உனக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்பாள். லயமே கேட்கும். ராகினி கேட்பாள். வாயைத் திறந்தான். நாக்கு அண்ணத்தில் களிபோல ஒட்டிக்கொண்டிருந்தது.

கையை நீட்டினான்.

நோட்டுகள் அவன் உள்ளங்கையில் விழுந்தன. ஈரமாக.

மூலையில் சத்தம் கேட்டது.

டொக். டொக். டொக்.

பீப் இல்லை. வயர் இல்லாத, ரேம் இல்லாத, ஒன்றுமே இல்லாத பெட்டி.

புஷ்பம் தலையைத் திருப்பினாள். "யாருண்ணே உள்ள?"

"யாரும் இல்ல," என்றான் தங்கையா. சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவன் காதில் விழுந்தது. அதே சொல். அதே வாய்.

"குடிச்சிட்டு வந்தா அவரு இப்படித்தான் கதவத் தட்டுவாரு," என்றாள் அவள், தனக்குள் பேசுவதுபோல. "மூணு தட்டு. அப்புறம் பேசாம நிப்பாரு, நான் ஏசுவேன்னு பயந்துக்கிட்டு."

டொக். டொக். டொக்.

அவள் நடந்தாள். அவள் சாக்கை உருவினாள். பெட்டியின் மூலையில், ஸ்டிக்கரைச் சுரண்டிய வெள்ளைத் தழும்பு. அதை விரலால் தடவினாள். ஒரு தடவை. இன்னொரு தடவை. அவன் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருக்கலாம். ஏசியிருக்கலாம்.

காற்றுத் துளைகளிலிருந்து மஞ்சள் களிமண் பிதுங்கி வந்துகொண்டிருந்தது. உரலிலிருந்து இடியப்பம் பிழிவதுபோல, இழை இழையாக, சத்தமில்லாமல். தரையில் விழுந்து சுருண்டது. விளக்கு ஆடியது. அந்த வாசம். அழுகிய வேர். கம்பளி.

புஷ்பம் முழங்காலிட்டாள். துளைகளின்மேல் உள்ளங்கையை வைத்தாள். உள்ளேயிருந்து தட்டும் சத்தம் நின்றது. பிறகு ஏதோ சுரண்டியது. சரியாக அவள் கைக்கு நேரே.

"ஜில்லுனு இருக்கீங்களே," என்றாள்.

தங்கையாவின் கைக்குள் நோட்டுகள் கனத்தன. குனிந்து பார்த்தான். விரல் இடுக்குகளில் மஞ்சள் வழிந்தது.

அவள் பெட்டியில் வாயை வைத்து, தூங்குகிறவனை எழுப்புவதுபோல மெதுவாகச் சொன்னாள்:

"என்னங்க. கடன் தீந்துருச்சு. வெளிய வாங்க."

கபூர் ஆணி பூட்டாமல் விட்ட மூடி, உள்ளேயிருந்து, மெல்ல நகர்ந்தது.