ஆளுக்கொரு வாய்

'உப்பு கொஞ்சம் தூக்கல்' என்று வந்திருந்தது.

அவள் இன்னொரு முறை படித்துப் பார்த்தாள். கேரட்டும் பருப்பும் சேர்த்துக் குழைய வேகவைத்த சோற்றைப் படமெடுத்து அரை மணி நேரத்துக்கு முன்புதான் சமையல் குழுவில் போட்டிருந்தாள். வழக்கம்போல இதயங்களும் கைதட்டல்களும் குவிந்திருந்தன. தையல்காரம்மா 'பார்க்கவே நாக்குல எச்சில் ஊறுது' என்று எழுதியிருந்தார். பேக்கரிக்காரர் 'எனக்கு ரெண்டு தட்டு பார்சல்' என்று தினமும் அடிக்கும் ஜோக்கை இன்றும் அடித்திருந்தார். அவள் கூரியர் அலுவலகத்தில் பார்சல் எடை போடுகிறவள் என்பதால், குழுவில் எல்லாருக்கும் அவள் 'பார்சல் அக்கா'தான். அதற்கெல்லாம் கீழே, விருந்தாளி என்ற பெயரில் இந்த ஒற்றை வரி இருந்தது.

படத்தில் நிறம் தெரியும், ஆவி தெரியும், மேலே ஊற்றிய நெய் தெரியும். உப்பு எப்படித் தெரியும்? சமையலறைக்குப் போய்ச் சட்டியின் அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தாள். தூக்கல்தான். அவள் இன்னும் சாப்பிட உட்காரவில்லை. லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் வேலையிலிருந்து வரவில்லை. அந்தச் சோற்றை அதுவரை சாப்பிட்ட ஒரே ஆள் அவளுடைய ஆறு வயது மகள் குருவி.

குருவி என்பது வைத்த பெயரல்ல, வாய்த்த பெயர். கொத்துகிற அளவில்தான் சாப்பாடு. அதற்குமேல் ஒரு பருக்கை உள்ளே போக வேண்டுமென்றால் வீட்டார் தலைகீழாக நின்று தண்ணீர் குடிக்க வேண்டும். போன மாதம் மருத்துவமனை நர்ஸ் எடையைக் குறித்துக்கொண்டே, "இன்னும் ரெண்டு கிலோ குறைஞ்சா அட்மிட் பண்ணணும்மா. மூக்கு வழியா குழாய் போட்டுத்தான் ஆகாரம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாள். அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் மகளின் சின்ன மூக்கையே பார்த்துக்கொண்டு வந்தாள். எப்படியாவது இவளைச் சாப்பிட வைத்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வாழ்க்கையில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அதற்காகத்தான் குழுவில் சேர்ந்தாள். முகம் பார்த்திராத இருபத்தாறு பேர். ஒருவர் செய்முறையை மற்றவர் செய்து பார்த்து, நன்றாக வந்ததா, சொதப்பியதா என்று வந்து சொல்வார்கள். இடையில் மாமியார் புலம்பல், முதுகுவலி, பிள்ளைகளின் பரீட்சை என்று அரட்டையும் ஓடும். பார்சல் அக்காவின் மகள் சாப்பிட மறுக்கிறாள் என்று தெரிந்ததும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நேரில் இருக்கும் சொந்தம்கூட இவ்வளவு அக்கறைப்பட்டதில்லை.

செய்முறைகளைவிட அவளுக்குக் கைகொடுத்தது எல்லா அம்மாக்களுக்கும் தெரிந்த அந்தப் பழைய தந்திரம்தான். இது அப்பாவுக்கு ஒரு வாய், இது மாமாவுக்கு ஒரு வாய். அவர்கள் வீட்டில் சொந்தக்காரர்கள் நாலு வாயிலேயே தீர்ந்துபோனார்கள். ஒரு நாள் வேறு வழியில்லாமல் குழுவிலிருந்து ஆள் எடுத்தாள். இது டீச்சருக்கு, இது தையல்காரம்மாவுக்கு, இது பேக்கரி மாமாவுக்கு என்று பாதித் தட்டு போனது. அதற்குமேல் குருவி உதட்டை இறுக்கிக்கொண்டாள். குழுவில் புதிதாக ஒரு பெயர் தென்பட்டது அம்மாவுக்கு நினைவு வந்தது.

"இது விருந்தாளிக்கு ஒரு வாய்" என்றாள்.

குருவி உடனே வாயைத் திறந்தாள். அடுத்த வாய்க்கும் திறந்தாள். தட்டு காலியானது. அவள் தட்டைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, மகளைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். அன்று மாலைதான் விருந்தாளி குழுவில் முதல்முறையாக எழுதியது: 'ரொம்ப நாளாச்சு இப்படிச் சாப்பிட்டு.' யாரோ அவளுடைய செய்முறையைச் செய்து பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்து எல்லாரும் இதயம் போட்டார்கள். அவளும் போட்டாள்.

இப்போது உப்பு. சந்தேகம் முதலில் போனது கணவர் மேல்தான். அவருக்குக் குறும்பு அதிகம்.

"நீங்கதானே அந்த விருந்தாளி?" இரவுச் சாப்பாட்டைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"எந்த விருந்தாளி?"

"நடிக்காதீங்க. வேற பேர்ல குழுவுக்குள்ள வந்து என்னைச் சீண்டறீங்க. உப்பு ஜாஸ்தின்னு எழுதினது யாரு?"

"நான் அப்போ ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவுல தொங்கிட்டிருந்தேன். போன் எடுக்க மூணாவது கையா இருக்கு?" ஒரு வாய் வைத்துவிட்டுச் சிரித்தார். "ஆனா உப்பு ஜாஸ்திதான். யாரோ குத்துமதிப்பா அடிச்சு விட்டிருக்காங்க. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்."

மறுநாள் சந்தேகம் கீழ்வீட்டு அக்காவிடம் இறங்கியது. பள்ளி விட்டதிலிருந்து அவள் வேலை முடிந்து வரும்வரை குருவியைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். மாற்றுச்சாவியும் அவரிடம்தான் இருந்தது.

"அக்கா, நீங்க ஏதாவது சமையல் குழுவுல இருக்கீங்களா?"

"குழுவா? என்கிட்ட இருக்கறது பேசற போன் மட்டும்தான் கண்ணு. படம் வர்ற போன் இல்ல." அக்கா பொத்தான் தேய்ந்த பழைய போனை எடுத்து நீட்டினார். அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

அடுத்த நாள் சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். மாலை ஐந்தரை மணி இருக்கும். போனைப் படுக்கையறையில் தலையணைக்கடியில் வைத்தாள். ஜன்னல்களைச் சாத்தினாள். யாரிடமும் சொல்லாமல், படமும் எடுக்காமல், இரண்டு உருளைக்கிழங்கை வேகவைத்துப் பால் ஊற்றி மசித்து, உப்புக்குப் பதில் ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டாள். பக்கத்து வீட்டு டிவியில் யாரோ விடாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மூடிய வீட்டுக்குள் பால் வாசமும், மூலையில் வைத்திருந்த பழைய உருளைக்கிழங்கு மூட்டையின் மண் வாசமும் கலந்து நின்றன. யாருடைய பெயரையும் சொல்லாமல் ஊட்டினாள். குருவி ஒவ்வொரு வாயையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கி, ரசித்து மென்று விழுங்கினாள். மகளுக்கு வாய் கழுவிவிட்டுப் போய் அவள் போனை எடுத்தாள்.

'இன்னைக்குப் படம் போடலையா?' என்று கேட்டிருந்தது விருந்தாளி. 'உருளைக்கிழங்கு நல்லா மசிஞ்சிருந்துச்சு. சர்க்கரைதான் ஒட்டவே இல்ல. அப்புறம், ஊட்டறப்போ உங்க ஆள்காட்டி விரல் நகம் உள்ள குத்துது. வெட்டிடுங்க.'

கீழே தையல்காரம்மா சிரிக்கும் முகங்களை வரிசையாகப் போட்டு, 'என்ன, ரெண்டு பேரும் ஒரே வீட்டுலயா இருக்கீங்க?' என்று கேட்டிருந்தார்.

அவள் தன் விரலைப் பார்த்தாள். பார்சல்களில் ஒட்டிய டேப்பைக் காலையிலிருந்து உரித்து உரித்து, ஆள்காட்டி விரல் நகம் ஓரத்தில் பிளந்து கூராக நீட்டிக்கொண்டிருந்தது. அது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

குழுவைத் தொடங்கியவர் டீச்சர். அவரைப் போனில் கூப்பிட்டாள்.

"டீச்சர், அந்த விருந்தாளி யாரு?"

"என்னம்மா என்கிட்ட கேக்கற? நீ சேர்த்த ஆளுன்னுல்ல நினைச்சேன்."

"நான் சேர்க்கல டீச்சர்."

"உன் மகளுக்கு ஊட்டறதைப் பத்தியே எழுதுதே, உன் சொந்தக்காரங்கன்னு எல்லாரும் நினைச்சோம்." டீச்சர் குழுப் பட்டியலைத் திறந்து பார்த்தார். "நம்பரே காட்ட மாட்டேங்குதும்மா. இரு, தூக்கிடறேன்."

ஒரு நிமிடத்தில் தூக்கிவிட்டார். அதற்குமுன் ஒரு வரி வந்து விழுந்திருந்தது. 'பந்தியில உக்காரவெச்சுட்டு பாதியில எழுப்பக் கூடாது.'

அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். யாரோ ஒரு கிறுக்கு, எங்கேயோ கேமரா வைத்துப் பார்த்திருக்கிறது என்று கணவர் வீடு முழுக்கத் தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் குருவி சாப்பிட்டாள். ஒரு தட்டு இரண்டானது, இரண்டு மூன்றானது. கணவர், "பேரை மாத்தணும்டி, இனிமே இவ குருவி இல்ல, கழுகு" என்று கேலி செய்தார். அவள் சிரித்தாள். நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டாள். பயம் அநேகமாகப் போய்விட்டது.

மூன்றாவது வாரம், தூங்கிப்போன மகளைச் சோபாவிலிருந்து தூக்கியபோது கை நின்றுவிட்டது.

பன்னிரண்டு வருடமாகப் பார்சல் தூக்கிய கை அது. தராசில் வைக்கும் முன்பே எடை சொல்லும், ஐம்பது கிராம்கூடத் தப்பாது. அந்தக் கை இப்போது சொன்னதை அவள் நம்ப மறுத்தாள். மறுநாள் சனிக்கிழமை, மகளையும் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய்ப் பார்சல் தராசில் உட்காரவைத்தாள். குருவி காலை மடக்கிக்கொண்டு ஒரு பெட்டிபோலச் சமர்த்தாக உட்கார்ந்தாள். சிவப்பு எண்கள் ஓடி நின்றன. மருத்துவமனையில் பார்த்ததற்கு ஒன்றே முக்கால் கிலோ குறைவு.

மூன்று வேளையும் மூன்று தட்டு சாப்பிடுகிற பிள்ளை. வாந்தி எடுக்கவில்லை, வயிற்றுப்போக்கு இல்லை. எங்கே போகிறது இத்தனையும்? திங்கட்கிழமை காலை டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கினாள். அதற்குள் தானே கண்டுபிடித்துவிட வேண்டும் என்று மாலையே ஒரு சட்டி சோறு குழைய வடித்துப் பருப்பு ஊற்றிப் பிசைந்து எடுத்துக்கொண்டு மகளுக்கு எதிரில் உட்கார்ந்தாள். கணவர் வரவில்லை. வெளியில் இன்னும் வெளிச்சம் இருந்தது. தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பந்து சுவரில் படும் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது. ஊட்டினாள். இந்த முறை மகளின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

முதல் வாயைக் குருவி மெதுவாக மென்றாள். பல்லே இல்லாதவர்கள் ஈறால் அரைப்பார்களே, அப்படிக் கன்னத்தை உள்ளே இழுத்து இழுத்து. அடுத்த வாய் அவசரமாக, மெல்லாமலே இறங்கியது. மூன்றாவதை வலது கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு, தாடையைச் சுற்றிச் சுற்றிச் சுழற்றினாள். கடைவாயில் எதுவோ நொறுங்கும் சத்தம் கேட்டது. குழைந்த சோற்றில் நொறுங்குவதற்கு என்ன இருக்கிறது?

ஒவ்வொரு வாய்க்கும் முன்னால் குருவியின் உதடு லேசாக அசைந்தது. அவள் குனிந்து காதைக் கொண்டுபோனாள்.

"இது கெழவருக்கு ஒரு வாய்" என்று குருவி முணுமுணுத்தாள். விழுங்கினாள். "இது அவர் சம்சாரத்துக்கு ஒரு வாய்."

"யாருக்கும்மா? யாரைச் சொல்ற?"

"விருந்தாளியோட ஆளுங்க. எல்லாரையும் கூட்டிட்டு வந்துட்டாங்க." சலிப்பே இல்லாத, பழகிப்போன குரல். "வரிசையா உக்காந்திருக்காங்கம்மா. ரொம்பப் பேரு."

"எங்க?"

குருவி வாயைத் திறந்து காட்டினாள்.

பந்துச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். சோற்றின் ஆவி அடங்கிவிட்டது. திறந்த வாயிலிருந்து வாசம் வந்தது. பால்பல் வாசமல்ல. வெகுநாள் பட்டினி கிடந்தவர்களின் வாயில் அடிக்கும் புளித்த வாசம். ஒருவருடையதல்ல.

அவள் சட்டியின் நடுவிலிருந்து, நன்றாகக் குழைந்த இடமாகப் பார்த்து, ஒரு கவளம் உருட்டினாள். கண்ணீர் வழிந்து கையில் விழுந்தது. அதையும் சேர்த்தே உருட்டினாள்.

"இது குருவிக்கு ஒரு வாய்" என்றாள். "என் தங்கத்துக்கு. வேற யாருக்கும் இல்ல. வாங்கிக்கோடா."

குருவியின் உதடு மூடிக்கொண்டது.

"வாங்கிக்கோடா கண்ணு. அம்மா சொல்றேன்ல."

குருவி தலையை ஆட்டினாள். முகத்தில் பிடிவாதம் இல்லை. அழுகை இருந்தது.

"என் முறை இன்னும் வரலம்மா."

பிறகு வாய் திறந்தது.

அவள் கையைப் பின்னால் இழுத்தாள். வாய் கூடவே வந்தது. கவளத்தைக் கவ்விக்கொண்டது. விரலோடு.

நாக்கு விரலைத் தடவிச் சுத்தம் செய்துவிட்டு விட்டது.

மென்றது. ருசித்து. நிதானமாக. யாரோ ஒருவர் திருப்தியாகச் சாப்பிடுகிற மாதிரி.

அந்த வாய்க்கு மேலே, குழிந்துபோன முகத்தில், அவளுடைய மகளின் இரண்டு கண்கள். கவளம் உள்ளே போவதையே பார்த்துக்கொண்டிருந்தன. அடுத்தவர் சாப்பிடுவதைப் பசியோடு பார்க்கும் பிள்ளையின் கண்கள்.

வாய் மறுபடியும் திறந்தது.