பத்தரைக்குத் திருப்பியவர்

மாடிப்படி ஏற முடியாத நாய்க்காக வீடு மாறியவர்கள் எத்தனை பேரோ, அந்த நர்ஸ் அவர்களில் ஒருத்தி. சின்னவன் என்ற அந்த நாய்க்குப் பதினைந்து வயது. பெயரில்தான் சின்னவன், பின்னங்கால்கள் ஓய்ந்து, பார்வையும் போய்விட்டிருந்தது. அவனைப் போர்வையில் சுருட்டித் தூக்கிக்கொண்டு அந்தப் பழைய கீழ்த்தள வீட்டுக்குள் நுழைந்தபோது, மருந்தும் பவுடரும் கலந்த வாடை அடித்தது. தன் உடுப்பிலிருந்துதான் வருகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"இங்க ஒரு அம்மா படுத்த படுக்கையா இருந்தாங்க. மகதான் ஒன்பது வருஷம் பாத்துக்கிட்டா," என்றார் வீட்டுக்காரர்.

"அந்த அம்மா போயிட்டாங்களா?"

"மக முந்திக்கிட்டா. இந்த ரூம்லயே ஒருநாள் அப்படியே சாஞ்சுட்டா."

படுத்தே கிடக்கும் உடம்பை இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் போடாவிட்டால் புண் வைத்துவிடும். வார்டில் செய்வதுபோல், மணியும் பக்கமும் எழுதக் கட்டம் போட்ட ஒரு தாளைச் சின்னவன் படுக்கைக்கு மேலே சுவரில் ஒட்டினாள். 'ஆறரை, இடது' என்று எழுதிவிட்டுக் கிளம்பினால் இரண்டரைக்குத்தான் திரும்புவாள். நடுவில் திருப்ப ஆளில்லை. அவனுடைய இடது இடுப்பு சிவக்கத் தொடங்கியிருந்தது. வேலைக்கு நடுவே அதுதான் அவள் மனசை அரித்துக்கொண்டிருந்தது.

நான்காம் நாள் வந்து பார்த்தபோது சின்னவன் வலது பக்கம் படுத்திருந்தான்.

கால்களுக்கு நடுவே நான்காக மடித்த ஒரு துண்டு. சிவந்த இடத்தில் பவுடர்.

வீட்டுக்காரருக்குப் போன் செய்தாள். "நான் எப்படிம்மா வருவேன், சாவி உங்ககிட்டதானே இருக்கு," என்றார் அவர்.

ஜன்னல் கொக்கிகளைப் பார்த்தாள், எல்லாம் மாட்டியபடியே இருந்தன. ஆனால் பயப்படவும் தெம்பு வேண்டுமே. பகலெல்லாம் பன்னிரண்டு நோயாளிகளைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்த கைகள் அவளுடையவை. அடுத்த சில நாளில் சிவப்பும் மறைந்தது. யாராக இருந்தால் என்ன, என் பிள்ளைக்கு வலிக்கவில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

ஒரு காலை, டூட்டி மாறும்போது அடுத்த நர்ஸிடம் சொல்கிற பழக்கத்தில், காலி அறையைப் பார்த்துச் சொன்னாள்: "எட்டரை, பத்தரை, பன்னெண்டரை உங்களோடது. இனிமே நீங்க பாத்துக்கோங்க."

சின்னவன் வாலை ஒருமுறை தரையில் தட்டினான். அவன் முகம் அவள் பக்கம் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது.

ஆறு வாரம் கழித்து, ஒரு ஞாயிறு காலையில், உடம்பில் ஒரு புண்கூட இல்லாமல் அவள் மடியிலேயே அவன் அடங்கிப்போனான். கொல்லையில் அவளே குழி வெட்டிப் புதைத்தாள். அழுது முடிக்கக்கூடத் தெம்பில்லை. அடித்துப் போட்டதுபோல், அவன் படுக்கைக்குப் பக்கத்திலிருந்த கட்டிலில் இடது பக்கமாகச் சாய்ந்தாள். ஒப்படைத்த டூட்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

விழித்தபோது ஜன்னலில் மாலை வெயில்.

அவள் வலது பக்கம் படுத்திருந்தாள்.

முழங்கால்களுக்கு நடுவே நான்காக மடித்த துண்டு.

"நான் நோயாளி இல்ல," என்று கிசுகிசுத்தாள். "எழுந்து நடப்பேன். நீங்க போகலாம்."

பவுடர் வாடை நெருங்கி வந்தது.

முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை மெல்லச் செருகப்பட்டது. பழகிய கை, அவசரமே இல்லை. தன்னை ஒருவர் இப்படிப் பார்த்துக்கொண்டு எத்தனை வருடமாயிற்று என்று நினைத்தாள். அந்தச் சுகம்தான் அவளை நடுங்க வைத்தது. எழுந்திருக்கப் பார்த்தாள். உடம்பு கேட்கவில்லை.

எதிர்ச் சுவரில் அந்தத் தாள் தெரிந்தது. சின்னவனின் கடைசிக் கட்டத்துக்குக் கீழே, அவளுடையது அல்லாத கையெழுத்தில், 'நாலரை, வலது' என்று எழுதியிருந்தது.

அதற்குக் கீழே, தாளையும் தாண்டி, தரை வரைக்கும் சுவரில் கட்டம் போட்டு வைத்திருந்தது.