லானியின் தோல் சட்டை

எங்கள் நெவாடா ஊரில் யாருக்கு அடிபட்டாலும் என் மேசையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். அவசர சிகிச்சைப் பிரிவின் வரவேற்பு மேசை. அதனால் எனக்குத் தெரியாத சங்கதி இங்கே குறைவு.

வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம், மோட்டார் சைக்கிள் கும்பலின் தலைவன் லானி ப்ரூயிட்டைக் கொண்டுவந்தார்கள். நெடுஞ்சாலையில் சறுக்கி விலா நொறுங்கி, நெஞ்சுக்குள் ரத்தம். அவன் கூட்டாளிகள், தாடியும் தொப்பையுமாக, அறை வாசலை அடைத்துக் காவல் நின்றார்கள்.

நர்ஸ் மார்செல்லாவுக்கு இவர்கள் வழக்கம் அத்துப்படி. முதுகில் சின்னம் தைத்த அந்தக் கையில்லாத தோல் சட்டையைக் கத்தரிக்கக் கூடாது. தரையில் போடக் கூடாது. கூட்டாளி கையில்தான் கொடுக்க வேண்டும். அது போனால் மானம் போச்சு.

போன குளிர்காலத்தில் இதே அறையில் அதே கும்பலைச் சேர்ந்த டெல் ஹேகர்ட்டி அடிபட்டுக் கிடந்தான். போலீசுக்குத் துப்புச் சொன்னவன் அவன்தான் என்று லானிக்குச் சந்தேகம். பார்க்க வந்த லானி, டெல் மார்போடு அணைத்திருந்த சட்டையை வெடுக்கென்று பிடுங்கினான். ரத்தம் வடிக்க நெஞ்சில் செருகியிருந்த குழாயும் கூடவே வந்தது. டெல் பிழைக்கவில்லை. லானி அந்தச் சட்டையை வண்டி நிறுத்துமிடத்தில் கொளுத்தினான். ‘கை தவறிடுச்சு’ என்றான். காவலுக்கு நின்றவர்கள் எதையும் பார்க்கவில்லையாம். துப்புச் சொன்னது வேறொருவன் என்று பிறகு தெரிந்தது. லானி ஒரு பூகூட அனுப்பவில்லை.

இப்போது அவன் முறை. நான் என் மேசைப் பக்கத் திரையிடுக்கில் கண்ணை வைத்திருந்தேன்.

“சட்டையைக் கழட்டணும் லானி,” என்றாள் மார்செல்லா. “இல்லன்னா குழாய் போட முடியாது.”

“கத்திரி பட்டுச்சு, தொலைஞ்சே நீ. எங்க ஆள் ஒருத்தன் கழட்டட்டும்.”

“மூச்சே வரல, வாயப் பாரு. இரு, கூப்பிடறேன்.”

அவள் திரும்பும் முன்பே கட்டிலருகே ஒருவன் நின்றான்.

ஒல்லி. வெறும் பனியன். தோள்மேல் சட்டை இல்லை. கருகிய தோலின் வாடை என் மூக்குவரை வந்தது.

பிள்ளைக்குச் சட்டை மாற்றுவதுபோல மெதுவாகக் கழற்றினான். மார்செல்லா குழாயைச் செருகிக் கட்டினாள். அவன் சட்டையை மடித்து லானியின் மார்பில் வைத்தான்.

லானியின் கண்கள் அவன் முகத்தைவிட்டு அசையவில்லை.

“டெல்லு… வேணாண்டா.”

மார்செல்லா பஞ்சு எடுக்கத் திரும்பினாள்.

ஈரத்துணியைக் கிழித்ததுபோல ஒரு சத்தம்.

குழாய் தரையில் கிடந்தது. சட்டை இல்லை. அவனும் இல்லை. லானியின் விரல்கள் வெறும் காற்றை இறுக்கிப் பிடித்திருந்தன. எவ்வளவோ போராடியும் டாக்டர்களால் அவனை மீட்க முடியவில்லை.

“யாரை உள்ள விட்டீங்க?” மார்செல்லா வாசலுக்கு ஓடிவந்து கேட்டாள்.

“யாரையும் விடலையேம்மா. நாங்க வாசல்லயேதான நிக்கிறோம்.”

சட்டை கிடைக்கவேயில்லை. வங்கிக் குமாஸ்தாபோலக் கோட்டு மாட்டித் தலைவனைப் புதைத்தார்கள்.

போன வாரம் புதுத் தலைவன், டெல் செத்த அன்று காவலுக்கு நின்றவர்களில் ஒருவன், மணிக்கட்டு சுளுக்கென்று என் மேசை முன் வந்து உட்கார்ந்தான். பெயர் கேட்டேன். தோளை உதறினான், மறுபடி உதறினான்.

“அக்கா… எனக்குப் பின்னாடி யாராவது நிக்கிறாங்களா?”

பின்னால் சுவர்தான் இருந்தது.

அவன் தோல் சட்டையின் பொத்தான்கள், மேலிருந்து ஒவ்வொன்றாக, நிதானமாகக் கழன்றுகொண்டிருந்தன.