பதினைந்தாவது கால்

ஊர் விட்டு ஊர் வந்த இடத்தில் உங்களைத் திருடன் என்று சொன்னால், நீங்கள் முதலில் யாரிடம் போவீர்கள்?

க்மைஸ், நெர்மீனிடம் போனான். கெய்ரோவுக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அவன் தங்கியிருந்த மொட்டை மாடி அறைக்குக் கீழ்த்தளத்தில் அவள் குடியிருந்தாள். காப்பீட்டுக் கம்பெனிக்காக எரிந்த கடை, முங்கிய லாரி எல்லாவற்றையும் போய்ப் பார்த்து, யார் சொல்வது உண்மை, யார் சொல்வது பொய் என்று எழுதித் தருவது அவள் வேலை. அந்த நகரத்தில் அவனுக்குத் தெரிந்த ஒரே பெரிய மனுஷி அவள்தான்.

போனில் பேசி, அவள் தன் ஆபீஸுக்கு வரச் சொன்ன நேரத்துக்கு அவன் வரவில்லை. நெர்மீனின் சித்தி மகனும் உதவியாளனுமான ஷாதி, ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்து நடந்து ஓய்ந்துபோனான். ஷாதிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. உட்கார்ந்தாலும் கால் ஆடும்.

ஒருவழியாக க்மைஸ் வந்தான். சட்டை முழுக்க வியர்வை.

"மன்னிச்சிருங்க மதாம். பதினைஞ்சாம் நம்பர் பஸ்ஸுல ஏறுன்னு சொன்னீங்க. பத்தாம் நம்பர்தான் திரும்பத் திரும்ப வந்துச்சு. பதினைஞ்சு வரவே இல்ல. கடைசில நடந்தே வந்துட்டேன்."

"பத்தாம் நம்பரா?" ஷாதி பாய்ந்தான். "நான் அந்த ரோட்டுலயே பொறந்து வளந்தவன். பத்தாம் நம்பர்னு ஒரு பஸ்ஸே அங்க கிடையாது!"

க்மைஸ் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். நெர்மீன் தேநீரை அவன் பக்கம் நகர்த்தினாள். "பஸ் கெடக்கட்டும். விஷயத்தச் சொல்லு."

விஷயம் இதுதான். ஃபத்ஹி என்பவர் டிவியில் மாட்டி விளையாடும் பழைய கேம் பெட்டிகளைச் சரிசெய்யும் கடை வைத்திருந்தார். இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய பெட்டிகள். கேம் டிஸ்க்கைப் படிக்கும் லென்ஸ் எல்லாம் செத்துப்போனவை. அந்த லென்ஸைக் கழற்றிவிட்டு, மெமரி கார்டு போடுகிற மாதிரி சின்ன எலக்ட்ரானிக் பலகை ஒன்றை உள்ளே வைத்துத் தருவார்கள். பலகையிலிருந்து ஒரு மெல்லிய கம்பியை, பெட்டிக்குள் இருக்கும் சிப்பின் ஓரத்தில் வரிசையாக நிற்கும் உலோகக் கால்களில் ஒன்றில் பற்றவைக்க வேண்டும். எத்தனையாவது கால் என்பது மாடலுக்கு மாடல் மாறும். டூனிசியாவின் ஸ்ஃபாக்ஸில் க்மைஸ் பத்து வருஷம் செய்த வேலை அது. இங்கே முதல் நாட்களில் ஃபத்ஹி பக்கத்தில் நின்று விரலால் காட்ட, இவன் பற்றவைத்தான். எல்லாம் ஓடியது. நேற்று ஃபத்ஹி வெளியே போக, இவன் தனியாக ஒரு பெட்டியைச் செய்தான். அது ஓடவில்லை.

"லோகோ வருது. அப்புறம் திரை கறுத்துப்போகுது. பலகைல லைட்டு எரியல. ஃபத்ஹி என்ன சொல்றாரு தெரியுமா? 'நல்ல பலகைய எதிர்க்கடை ஸக்கிக்கு வித்துட்டு, செத்தத உள்ள வச்சிட்ட'ங்கறாரு. நாளைக் காலைல போலீஸாம். என் பாஸ்போர்ட்டு அவர்கிட்ட இருக்கு." அவன் தேநீரைத் தொடாமல் தள்ளி வைத்தான். "திருடன்னு ஒரு முத்திரை விழுந்தா இங்க மட்டும் இல்ல மதாம், எந்த நாட்டுக்கும் விசா தர மாட்டான். சாகற வரைக்கும் வீட்லயேதான் உக்காரணும்."

"நீ மாத்தினியா?"

"என் அம்மா மேல சத்தியமா இல்ல."

நெர்மீன் எழுந்தாள். "வா, பெட்டியப் பாப்போம்."

கடைக்குப் போகும் வழியில் ஷாதி முன்னால் ஓடினான். திருப்பத்தில் இருந்த கரும்புச்சாறு கடையில் விசாரித்துவிட்டு, முகம் மலரத் திரும்பி வந்தான். க்மைஸ் காதில் விழாமல் நெர்மீனைத் தனியே இழுத்தான்.

"அக்கா, முடிஞ்சுது கதை. அந்தச் சாறுக்காரர் என்ன சொல்றாருன்னா, இவன் முந்தாநாள் பெரிய கிளாஸ் குடிச்சிருக்கான். விலைப் பலகைய நின்னு நிதானமா படிச்சிட்டு, பத்து பவுண்ட வச்சிட்டு நடையக் கட்டிட்டானாம். அந்த விலைப் பலகையப் பாருங்க."

நெர்மீன் நிமிர்ந்து பார்த்தாள். தகரப் பலகையில் சிவப்புச் சாயத்தில் ஒரு கோடு, அதை ஒட்டி ஒரு வட்டம். பதினைந்து.

"பஸ் விஷயத்துல பொய். சாறுல திருட்டு. இவன் பெட்டிக்குள்ள பலகைய மாத்தலன்னு இன்னுமா நம்பறீங்க?"

"பஸ் விஷயத்துல பொய் சொல்லி அவனுக்கு என்ன கெடச்சுதுடா?"

"அது... லேட்டா வந்ததுக்கு சாக்கு."

"சாக்கு சொல்றவன் டிராஃபிக்குனு சொல்லுவான். இந்த ஊர்ல அத யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. இல்லாத பஸ்ஸ எவனாவது சாக்குக்குச் சொல்வானா?"

ஷாதி மறுபடி முன்னால் ஓடினான்.

ஃபத்ஹியின் கடை முதல் மாடியில், இருபுறமும் கடைகள் இருந்த நீண்ட நடையின் கடைசியில் இருந்தது. எதிர்க்கடை ஸக்கி, வாசலில் சாய்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு இவர்களையே பார்த்தான்.

"அடடே, பாஹி வந்துட்டான்!" என்றார் ஃபத்ஹி. 'சரி' என்பதற்கு க்மைஸ் தன் ஊர் வழக்கப்படி 'பாஹி' என்று சொல்வான். முதல் நாளே அதை அவனுக்குப் பட்டப்பெயராக ஒட்டிவிட்டார். "வக்கீலோட வந்திருக்கான் பாஹி! ஏம்ப்பா, நீ பேசறது அவங்களுக்காவது வெளங்குதா?"

"வெளங்குது," என்றாள் நெர்மீன். "பெட்டியக் குடுங்க."

சாம்பல் நிறப் பெட்டி மேசைக்கு வந்தது. திருகுகளைக் கழற்றியதும் நெர்மீன் வெகுநேரம் குனிந்து பார்த்தாள். கம்பி நேர்கோடாக ஓடியது. பற்றவைத்த இடத்தின் மேல் கண்ணாடி போலப் பசை பூசியிருந்தது. அதில் ஒரு குமிழி கூட இல்லை.

"இந்தப் பசையப் போட எவ்வளவு நேரம் ஆகும், ஃபத்ஹி?"

"இவன் போடற மாதிரி போட்டா ரொம்ப நேரமாகும். பெரிய கலைஞன்ல!"

"செத்த பலகைய வச்சி ஏமாத்தறவன், நீங்க வர்றதுக்குள்ள மூடிட்டு ஓடுவானா? உக்காந்து பசையத் தடவி அழகு பாப்பானா?"

ஸக்கி விதைத் தோலைத் துப்பினான். "என் கடையச் சோதனை போட்டுக்கங்க மதாம். இவன் வித்தத நான் வாங்கினதா நேத்துலருந்து இவரு கத்திக்கிட்டு கெடக்காரு."

"வாய மூடுறா ஸக்கி!" ஃபத்ஹியின் முகம் சிவந்தது. "அந்தப் பலகை என் மேசைல ஓடுச்சு மதாம். நானே பாத்தேன். இவன் கைக்குப் போனதும் செத்துப்போச்சு. இதுக்கு என்ன சொல்றீங்க?"

"அது செத்துப்போச்சுன்னு எப்படி முடிவு பண்ணீங்க? பசைய உரிச்சு, கம்பி எந்தக் கால்ல இருக்குன்னு பாத்தீங்களா?"

ஃபத்ஹி தயங்கினார். "எதுக்குப் பாக்கணும்? இது பழைய மாடல் பெட்டி, கால் வேறங்கறதால எத்தனையாவது கால்னு நானே மூடிக்கு உள்பக்கம் மார்க்கர்ல பெருசா எழுதி வச்சிட்டுத்தான் போனேன். குருடனுக்குக் கூடத் தெரியும்."

நெர்மீன் மூடியைத் திருப்பினாள். கறுப்பு மையில் ஃபத்ஹியின் கையெழுத்து இருந்தது. அவள் அதை க்மைஸின் பக்கம் நீட்டினாள்.

"இத சத்தமா படி."

க்மைஸ் ஒருமுறை எல்லார் முகத்தையும் பார்த்தான். இதில் என்ன பொறி வைத்திருக்கிறார்கள் என்று தேடுவதுபோல் இருந்தது.

"பத்து," என்றான்.

ஃபத்ஹி வெடித்துச் சிரித்தார். ஸக்கியும் சிரித்தான். ஷாதி சிரிக்க வாயைத் திறந்தவன், நெர்மீன் சிரிக்காததைப் பார்த்து மூடிக்கொண்டான். அவன் தலைக்குள் பேருந்து வந்தது. கரும்புச்சாறுக் கடைத் தகரம் வந்தது. அவன் கால் ஆடுவது நின்றது.

"அக்கா... வட்டம்!"

"ஆமாண்டா. வட்டம்." நெர்மீன் மூடியை மேசையில் வைத்தாள். "நம்ம அரபு எண்ணுல வட்டம்னா அஞ்சு. பூஜ்யத்துக்கு நாம ஒரு புள்ளிதான் வைப்போம். டூனிசியாவுல பள்ளிக்கூடத்துலருந்தே பிரெஞ்சுக்காரன் பழக்கின 1, 2, 3தான். க்மைஸுக்கு வட்டம்னா பூஜ்யம். கோடு எல்லாருக்கும் ஒண்ணுதான். ஒரு கோடு, ஒரு வட்டம்: நமக்குப் பதினைஞ்சு, அவனுக்குப் பத்து. மத்த எண்ணுன்னா, இது என்னடான்னு முழிச்சிருப்பான், யாரையாவது கேட்டிருப்பான். இது அவனுக்குத் தெரிஞ்ச எண்ணு மாதிரியே இருக்கு. சந்தேகமே வராது."

"அப்ப பணத்தாள மட்டும் எப்படி சரியா படிக்கறான்?" என்றான் ஷாதி.

"அதுல ஒரு பக்கம் அவன் எண்ணுலயே இருக்கே. பஸ்ஸுல பதினைஞ்சு பத்தாச்சு. சாறுல பதினைஞ்சு பத்தாச்சு. பெட்டிலயும் அப்படியே. சாறுல அவனுக்கு லாபம், சரி. பஸ்ஸுல வெயில்ல நடந்தான். பெட்டில வேலையே போகுது. லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் ஒரே மாதிரி தப்பு பண்றவன் திருடன் இல்ல. அவன் கண்ணுக்கு அப்படித்தான் தெரியுது."

அவள் ஒரு சின்னக் கத்தியால் பசையை உரித்தாள். ஃபத்ஹி பூதக்கண்ணாடியோடு குனிந்து, உதடசைத்துக் கால்களை எண்ணினார். பத்தில் நின்றார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார். மறுபடியும் பத்தில்தான் நின்றார்.

"மாத்திப் போடு," என்றாள் நெர்மீன் க்மைஸிடம்.

அவன் பற்றவைக்கும் கோலை எடுத்தான். இரண்டு முறை கீழே வைத்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். மூன்றாம் முறை ஈயம் உருகி, பதினைந்தாவது காலில் பளிச்சென்று உட்கார்ந்தது. பெட்டியை ஓடவிட்டார்கள். லோகோ வந்தது. திரை கறுத்தது. பலகையில் பச்சை விளக்கு மினுக்கியது. திரையில் விளையாட்டுகளின் பெயர்கள் வரிசையாக இறங்கின.

ஃபத்ஹி க்மைஸின் பக்கம் திரும்பினார்.

"ஏம்ப்பா, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? 'முதலாளி, இது என்ன நம்பர்'னு?"

"பத்துன்னு தெளிவா தெரியுது, எதுக்குக் கேக்கணும்?" க்மைஸ் கோலை அதன் தாங்கியில் வைத்தான். "தெரியலன்னாலும் கேட்டிருக்க மாட்டேன். வந்த அன்னிக்கு டீ வேணுமான்னு கேட்டீங்க. 'பாஹி'ன்னேன். அதுக்கே இந்த நடைல இருக்கற கடைக்காரங்க எல்லாரையும் கூப்பிட்டுச் சிரிக்க வச்சீங்க. அன்னிலருந்து நான் யார்கிட்டயும் எதுவும் கேக்கறது இல்ல."

ஃபத்ஹி தரையைப் பார்த்தார். மேசை இழுப்பறையைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்தார். தூசி எதுவும் இல்லாவிட்டாலும் அதைத் துடைத்தார்.

"இந்தா. மனசுல வச்சிக்காத. நாளைக்கு நேரத்தோட வந்துரு. வேலை குவிஞ்சு கெடக்கு."

க்மைஸ் பாஸ்போர்ட்டை வாங்கி, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, உள்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். "பாஹி," என்றான்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஸக்கி மட்டும் விதைப் பொட்டலத்தை அவன் பக்கம் நீட்டினான்.

மறுநாள் காலை க்மைஸ் ஸக்கியின் கடையில் வேலைக்குச் சேர்ந்தான்.