மங்கையின் பதினொன்று

செவ்வாய்க் கோளில் எங்கள் குடியிருப்பில், பெயர் சூட்டும் நாளன்று குழந்தையின் காதில் முதலில் அதன் பிறவி எண்ணைத்தான் மூன்று முறை சொல்வார்கள். பெயர் அதற்குப் பிறகு. பிறந்த அன்றே திறன்மானி உச்சந்தலையைத் தொட்டு, நூற்றுக்கு எத்தனை என்று காட்டிவிடும். பள்ளி, வேலை, சம்பந்தம் எல்லாம் அந்தப் பிறவி எண்படிதான். என் மனைவி மங்கையர்க்கரசியின் காதில் சொல்லப்பட்டது பதினொன்று.

பதினொன்றுக்கு விண்கலம் இறக்கும் பயிற்சி கிடையாது. அவள் இறங்குதளத்தைப் பெருக்கும் வேலையில் சேர்ந்தாள். தரையிலிருந்தே கலத்தை இறக்கும் இயக்கு இருக்கைகளில் அங்கே கழித்துப்போட்ட ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து சமையலறையில் பொருத்தினாள். இருபத்திரண்டு வருடம், தினமும் வேலைக்குப் போகுமுன் மூன்று மணி நேரம், கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு அதில் உட்கார்ந்து பழகினாள். இயந்திரத்தின் உறுமலையும் வாயாலேயே எழுப்புவாள். பக்கத்து வீட்டார் சிரிப்பார்கள். தேர்வுக்குப் பதினேழு முறை விண்ணப்பித்தாள். பதினேழு முறையும் எண்ணைப் பார்த்தே திருப்பி அனுப்பினார்கள்.

ஒரு புழுதிப் புயலில், கலத்தை வழிநடத்தும் தானியங்கிகளின் கண் அவிந்தது. இருநூறு பேருடன் கலம் மேலே சுற்றிக்கொண்டிருக்க, பணியிலிருந்த தொண்ணூறுகள் கைவிரித்தார்கள். மங்கை துடைப்பத்தைச் சாத்திவைத்துவிட்டு இயக்கு இருக்கையில் உட்கார்ந்தாள். கலம் இறங்கியது. அதன்பின் அவளை அந்த இருக்கையிலிருந்து எடுக்க முடியவில்லை. பதினான்கு வருடத்தில் நூற்றுப் பன்னிரண்டு கலங்கள். ஒன்றிலும் கீறல் விழவில்லை.

போன மாதம், நுரையீரலில் புழுதி படிந்து இறந்தாள்.

தளத்தில் அவளுக்கு நினைவுக்கல் வைக்கிறார்கள் என்று பார்க்கப் போனேன். பெயருக்குக் கீழே 97 என்று செதுக்கியிருந்தது.

"இது யாரோட எண்?" என்று குடியிருப்பு மன்றப் பொறுப்பாளர் தயாளனிடம் கேட்டேன்.

"அம்மாவோடதுதான் ஐயா. திருத்திட்டோம். பதினொன்னு உள்ளவங்களால இதைச் செய்ய முடியாது. அவங்க செஞ்சிருக்காங்க. அப்ப அவங்க பதினொன்னு இல்ல. அன்னைக்கு எழுதினவங்கதான் தப்பா எழுதியிருக்கணும்."

"இருபத்திரண்டு வருஷம் எங்க சமையலறையில உட்கார்ந்திருந்தது யாரு?"

"அதெல்லாம் சரிங்க. உள்ளே இல்லாமலா வெளியே வரும்?"

"அவ தம்பிக்குத் தொண்ணூத்து நாலு. நாப்பது வருஷமா வேலைக்கே போகாம படுத்துக் கிடக்கான். அவனுக்கும் திருத்துவீங்களா?"

"அவர் உழைக்கலை. அது அவர் குத்தம். மானி என்ன பண்ணும்?"

ஜெயித்தால் பிறவி, தோற்றால் சோம்பல். எப்படிப் போனாலும் அந்த இயந்திரம் தோற்காது. அவள் கையில் காய்த்திருந்த காய்ப்பை ஒரே எண்ணால் வழித்து எறிந்துவிட்டார்கள். செத்தவளிடம் திருடுகிறீர்கள் என்று சொன்னேன். பதினொன்று என்று மாற்றிச் செதுக்காவிட்டால் கல்லை என் கையாலேயே உடைப்பேன் என்றேன். தயாளன் எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

அப்போது மகள் இளவேனில் பிரசவ அறையிலிருந்து அழைத்தாள். குரல் களைத்திருந்தது.

"அப்பா, பிறந்திருச்சு."

"நல்லதும்மா," என்றேன். "மானி எத்தனை காட்டிச்சு?"

மறுமுனையில் குழந்தை அழுதது.

"பொண்ணுப்பா," என்றாள்.